கை படாத இடம் எது? பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளை வாங்கி விற்றதில் கற்றவை

நூறு வயதான ஷாட்கன் (சிறு ரவைகளைச் சிதறவிட்டுச் சுடும் வேட்டைத் துப்பாக்கி) ஒன்றை மேசையில் வைத்தால், வருகிறவர் முதலில் அதை எடுத்துத் தோளில் சாய்த்துப் பார்ப்பார். அடுத்து செதுக்கு வேலையைப் பார்ப்பார், தோளில் வைக்கும் மரக்கட்டையின் பளபளப்பைத் தடவுவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது துப்பாக்கியைத் திருப்பி வைத்து, அடிப்பக்கத்துத் திருகாணிகளின் தலைகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நல்ல தரமான பழைய துப்பாக்கியில் திருகாணித் தலையின் பிளவு, கத்தி முனையால் கீறியது போல மெல்லியதாக இருக்கும். உயர்ந்த வகைகளில் எல்லாப் பிளவுகளும் குழல் போகும் திசைக்கு நேராக வரிசையாக நிற்கும். பட்டறைக்காரர் ஒவ்வொன்றையும் அப்படி நிற்கும்படி ராவிப் பொருத்தியிருப்பார். பின்னால் யாராவது சாதாரண ஸ்க்ரூடிரைவரை அதில் நுழைத்துத் திருப்பியிருந்தால் பிளவின் ஓரம் நசுங்கியிருக்கும், அல்லது கோடு கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அதைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் வந்துவிடும்: யார் இதைத் திறந்தார்கள்? திறந்து என்ன செய்தார்கள்? அந்தத் துப்பாக்கியின் விலை பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியின் விடையில்தான் இருக்கிறது.

நான் இருப்பது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், சிரக்யூஸ் நகருக்குப் பக்கத்தில். இந்தப் பைத்தியம் பிடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகள் சிரக்யூஸில்தான் பிறந்தன. அந்த ஸ்மித் பிறகு டைப்ரைட்டர் தொழிலுக்குப் போய்விட, துப்பாக்கி வியாபாரம் ஹன்டர் குடும்பத்தின் கைக்கு மாறிப் பக்கத்து ஊரான ஃபுல்டனுக்குப் போனது. லெஃபீவர் துப்பாக்கிகளும் சிரக்யூஸில் செய்யப்பட்டவையே. தெற்கே போனால் இத்தாக்கா, கிழக்கே யூட்டிக்கா, இரண்டும் துப்பாக்கி செய்த ஊர்கள், யூட்டிக்காவையும் தாண்டினால் ரெமிங்டன் ஆலை இருந்த இலியன். எல்லாமே ஒன்றரை மணி நேரக் கார் பயணத்துக்குள் அடங்கிவிடும். சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பார்க்கர் மட்டும் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில், மெரிடன் என்ற ஊரில் செய்யப்பட்டது.

இந்தப் பட்டறைகள் ஏன் மூடின என்பது தெரிந்தால்தான் இவற்றின் விலை புரியும். இரண்டு குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்து, இரண்டும் தூரத்தில் ஒரே இடத்தைச் சுடும்படி நேராக்குவது முழுக்க முழுக்க கைவேலை. வின்செஸ்டர் 1912-இல் கொண்டு வந்த மாடல் 12 ஒற்றைக் குழல் பம்ப் துப்பாக்கி (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) இயந்திரத்தில் செய்யக்கூடியது, மலிவானது, ஐந்தாறு தோட்டாக்களும் அடங்கும். அப்புறம் 1929-இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஃபாக்ஸ் துப்பாக்கி நிறுவனத்தை இன்னொரு துப்பாக்கி நிறுவனமான சாவேஜ் வாங்கியது. 1934-இல் பார்க்கர் ரெமிங்டனிடம் போனது. இரண்டாம் உலகப் போரோடு பார்க்கர் உற்பத்தியும் நின்றது. மொத்தம் செய்யப்பட்ட பார்க்கர்கள் சுமார் 2,42,000. இனி ஒன்றுகூடக் கூடப்போவதில்லை. ஆனால் 'புதுப்பிக்கிறேன்' என்று யாராவது கை வைக்கும்போதெல்லாம், ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பவற்றின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது.

அப்படிக் குறைந்துபோன ஒன்றைத்தான் நான் முதலில் வாங்கினேன். பார்க்கர் வி.எச். வகை, 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடக் கூடக் குழல் சிறியது), ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில். குழலும் கட்டையும் சேரும் இரும்புச் சட்டகத்தில் நீலமும் ஊதாவும் மஞ்சளும் மேகம் போலத் திரண்டிருந்தன. குழல்கள் கண்ணாடி போலக் கறுநீலமாக மின்னின. கட்டையில் ஒரு கீறல் இல்லை. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவுமில்லை. மூன்று வருடம் கழித்து அதை விற்கப் போனபோது கொடுத்ததில் பாதிகூடத் திரும்பவில்லை. ஏன் என்று ஒரு முதியவர் என் எதிரிலேயே ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த அரை மணி நேரத்தில் கற்றதைத்தான் இன்றுவரை வைத்துக்கொண்டு நடக்கிறேன்.

முதலில் சட்டகத்தின் நிறம். இது பூச்சு இல்லை. இரும்புச் சட்டகத்தை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்து, செஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைத்திருந்து, சட்டென்று தண்ணீரில் கொட்டுவார்கள். இரும்பின் மேல்தோல் கரியை உள்வாங்கிக் கெட்டிப்படும், கூடவே அந்த நிறங்களும் பிறக்கும். கையின் வியர்வையும் வெயிலும் பட்டால் நிறம் மங்கி வெள்ளிச் சாம்பலாகும். ஆக, நூறு வருடம் மனிதர்கள் தூக்கி நடந்த துப்பாக்கியில் கை பிடிக்கும் அடிவயிறு வெளுத்திருக்க வேண்டும், விரல் எட்டாத மூலைகளில் மட்டும் நிறம் தங்கியிருக்க வேண்டும். என் பார்க்கரில் எல்லா இடத்திலும் ஒரே அளவு நிறம். யாரோ மறுபடி சூடேற்றியிருக்கிறார்கள். அப்படிச் சூடேற்றும்போது சட்டகம் லேசாகக் கோணிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மரமும் இரும்பும் சேரும் கோட்டில் மயிரிழை இடைவெளி தெரிந்தது அதனால்தான்.

அடுத்தது குழல்களின் கறுநீலம். இது நிறப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. இரட்டைக் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டைகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அதனால்தான் பழைய பட்டறைகள் குழலை மெதுவாகத் துருப்பிடிக்க வைத்து, தேய்த்து, வெந்நீரில் வேகவைத்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து என்று நாள்கணக்கில் அந்த நிறத்தைக் கொண்டு வந்தன. பிற்காலத்தில் வந்த சுடுகாரத் தொட்டி முறையில் அரைமணியில் நிறம் ஏறிவிடும். ஒற்றைக் குழலுக்கு அது சரி. இரட்டைக் குழலில் அந்தக் காரம் பற்றாசையே அரித்துவிடும். முதியவர் என் குழல்களைத் தனியே கழற்றி, கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் தட்டினார். நல்ல குழல் கோயில் மணி போல நீண்டு ஒலிக்கும். என்னுடையது 'டொக்' என்றது, அதோடு உள்ளே ஒரு கரகரப்பு. எங்கோ பட்டை விட்டுவிட்டது.

மூன்றாவது, குழலின் நீளம். குழல் வாயை முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார். இரண்டு குழல்களும் பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்து, வாயருகே நெருங்கிச் சேர்ந்துவிடும் வகையில் செய்யப்பட்டவை. வெட்டிக் குட்டையாக்கினால், சேராத இடத்தில் வாய் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சந்து தெரியும், அல்லது அதை அடைத்த உலோகம் தெரியும். என்னுடையது 26 அங்குலம். பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்தில் வரிசை எண்ணைக் கொடுத்து, ஆலையின் ஆர்டர் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கினேன். 30 அங்குலம் என்று இருந்தது. வெட்டிய நான்கு அங்குலத்தோடு சோக் என்று சொல்லும் வாய் இறுக்கமும் போய்விட்டது.

கடைசியாகக் கட்டை. ஆலையில் மரத்தை இரும்பைவிட மயிரளவு உயரமாகத்தான் விடுவார்கள், நகத்தால் தடவினால் அந்தப் படி தட்டுப்படும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றினால் மரம் இரும்பைவிடத் தாழ்ந்துபோகும். என் கட்டையில் நகம் இரும்பில்தான் முட்டியது. பிறகு அதை மறைக்க முடியாது, போன மரம் திரும்ப வராது.

இதைக் கேட்கும்போது எனக்கு நம் ஊர்க் கோயில்கள்தான் நினைவுக்கு வந்தன. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துத் தூண்களைப் பளிச்சென்று ஆக்கியபோது, சிற்பத்தின் மூக்கு முனையும் கல்வெட்டின் எழுத்துமல்லவா சேர்ந்து போயின? செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. துப்பாக்கியிலும் அப்படித்தான். திருடர்களும் போலிக்காரர்களும் கெடுத்ததைவிட, அப்பாவின் துப்பாக்கியை அழகாக்கிப் பார்க்க நினைத்த பிள்ளைகள் கெடுத்தது அதிகம் என்பது என் அனுபவம்.

போலிக்காரர்களும் இருக்கிறார்கள். வி.எச். என்பது பார்க்கரின் எளிய வகை, செதுக்கு வேலை ஓரக்கோட்டோடு நின்றுவிடும். டி.எச். வகையில் நாயும் பறவையும் செதுக்கியிருக்கும், விலை பல மடங்கு. கைதேர்ந்த ஒருவர் வி.எச். மேல் நாயைச் செதுக்கிவிட முடியும். ஆனால் பார்க்கர்காரர்கள் வகைக்கு ஏற்ற எஃகுப் பெயரைக் குழலின் பட்டையில் பொறித்தார்கள்: வி.எச்.சுக்கு வல்கன், டி.எச்.சுக்கு டைட்டானிக். குழலைக் கழற்றினால் அடியில் சட்டக அளவு எண்ணும், மெருகேற்றும் முன் குழல் இருந்த எடையும் பொறித்திருக்கும். வரிசை எண் சட்டகத்திலும் குழலிலும் முன்கட்டை இரும்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒருங்கே மாற்றி, ஆலையின் புத்தகத்தோடும் பொருந்தச் செய்வது கடினம். அதனால் பதிவேடு கிடைக்கும் எண் என்றால், கடிதம் வரும்வரை பணம் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். எல்லா எண்களுக்கும் புத்தகம் மிஞ்சவில்லை என்பது வேறு விஷயம். வின்செஸ்டரின் இரட்டைக் குழல் துப்பாக்கியான மாடல் 21-க்கு வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் கேட்கலாம்.

பெயரை மட்டும் நம்பி ஏமாறுவது இதைவிடச் சாதாரணம். ஃபிலடெல்ஃபியாவில் ஆன்ஸ்லி ஃபாக்ஸ் தொடங்கிய ஃபாக்ஸ் துப்பாக்கி எளிமைக்கும் உறுதிக்கும் பேர்போனது. சாவேஜ் அதை வாங்கி யூட்டிக்காவுக்குக் கொண்டு வந்தது. சில வருடங்கள் அதே துப்பாக்கி தொடர்ந்தது. பிறகு 1940 வாக்கில் 'ஃபாக்ஸ் மாடல் பி' என்று ஒன்று வந்தது. அது சாவேஜின் கீழிருந்த ஸ்டீவன்ஸ் பட்டறையின் மலிவான துப்பாக்கி, பழைய ஃபாக்ஸோடு அதற்கு இருந்த சொந்தம் பெயர் மட்டும்தான். லெஃபீவருக்கும் இதே கதி. 1916-இல் இத்தாக்கா நிறுவனம் அதை வாங்கி, சில வருடம் கழித்து 'நைட்ரோ ஸ்பெஷல்' என்ற மலிவு வகைக்கு லெஃபீவர் பெயரைச் சூட்டியது. அது வேட்டைக்கு நல்ல உழைப்பாளித் துப்பாக்கி, குறை சொல்லவில்லை. ஆனால் சிரக்யூஸ் லெஃபீவர் என்று நினைத்து அதற்கு விலை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவுத் துப்பாக்கிகள் இன்னும் ஒருபடி மேலே போய், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பெரிய ஆங்கிலப் பெயரை நினைவூட்டும்படி 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்துக்கொண்டு வந்தன. இந்தியாவிலிருந்து வந்து இங்கே ஏலத்தில் தென்படும் துப்பாக்கிகளில் கல்கத்தா மான்டன் கடையின் பெயரைப் பார்த்தாலும் இதே கவனம் தேவை. அங்கே பொறித்திருப்பது விற்ற கடையின் பெயராக இருக்கலாம், செய்த கை பர்மிங்காமில் இருந்திருக்கலாம். யார் செய்தது என்று குழலின் அடியிலுள்ள முத்திரைகளில்தான் தேட வேண்டும்.

இங்கிலாந்துத் துப்பாக்கி வாங்கும் ஆசை இருந்தால் அந்த முத்திரைகளைப் படிக்கப் பழகுவது நல்லது. அங்கே லண்டனிலும் பர்மிங்காமிலும் சோதனைச் சாலைகள் உண்டு. ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மீறிய வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். குத்தும்போது குழலின் உள்விட்டத்தையும் பதிவார்கள். பிறகு யாராவது உட்புறத் துருக்குழிகளை நீக்கக் குழலைக் குடைந்து, விட்டம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டால் அந்த முத்திரை செல்லாது. முத்திரை செல்லாத துப்பாக்கியை அங்கே விற்பதே குற்றம். அமெரிக்காவில் அப்படி அரசுச் சோதனைச் சாலை எதுவும் இல்லை. யார் எவ்வளவு குடைந்தாலும் கேட்பாரில்லை, வாங்குகிறவர்தான் அளக்க வேண்டும். குழல் சுவரின் கனத்தை அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மிக மெல்லிய இடத்தில்கூட ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 20 பங்காவது இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. அதற்குக் கீழே என்றால் துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன். இது விலைக் கணக்கு மட்டுமில்லை, இடது கை விரல்கள் இருப்பது அந்தச் சுவருக்கு வெளியேதான்.

எல்லாக் கேடும் மனிதர் கையால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் பிரௌனிங் கடைசியாக வடிவமைத்த சூப்பர்போஸ்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல்கள் அமைந்த துப்பாக்கி, 1931-இலிருந்து விற்பனைக்கு வந்தது. பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் செய்தது, கைவேலையின் உச்சம். ஆனால் 1960களின் பிற்பகுதியிலிருந்து சில வருடங்கள், வால்நட் மரத்தைச் சீக்கிரம் காயவைக்க உப்பில் பதப்படுத்தினார்கள். உப்பு மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அது காற்றின் ஈரத்தை இழுத்து, மரத்தைத் தொடும் இரும்பை உள்ளிருந்து தின்னத் தொடங்கியது. வெளியே எதுவும் தெரியாது.

நண்பர் ஒருவர் வாங்க நினைத்த சூப்பர்போஸ்டைப் பார்க்கக் கூட்டிப் போனார். மேலே பார்த்தால் நேற்றுச் செய்தது போல இருந்தது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, கட்டையின் பின்தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளை மெதுவாகக் கழற்றினேன். தலை பளபளவென்று இருந்தது. மரத்துக்குள் இருந்த மரைப்பகுதி வெளியே வந்தபோது, மழையில் கிடந்த வேலி ஆணி போலச் செதில் செதிலாகச் செந்துரு உதிர்ந்தது. தகட்டுக்குக் கீழே தெரிந்த வெற்று மரத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டோம். பால் போல வெளுத்தது. உப்பு. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உப்பைக் கண்டுபிடிக்கச் செய்த அதே சோதனைதான். விற்பவர் முகம் வாடிவிட்டது. அவருக்கும் அது தெரியாது, அவரும் யாரிடமோ நல்ல விலை கொடுத்து வாங்கியவர்.

இவ்வளவு சொன்ன பிறகு, கதைக்கு விலை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, காகிதம் இருந்தால். 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கப் பயணம் புறப்பட்டபோது ஆன்ஸ்லி ஃபாக்ஸ் அவருக்கு மிக உயர்ந்த எஃப் வகைத் துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார். ரூஸ்வெல்ட் அதைப் பாராட்டி எழுதினார். அந்தத் துப்பாக்கி 2010 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தில் ஏலம் போனபோது 8,62,500 டாலர். அங்கே கதையின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆவணம் இருந்தது. 'இது ஒரு செனட்டர் வைத்திருந்தது' என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் கதைக்கு நான் ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

சந்தையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991-இல் அமெரிக்கா முழுவதும் தடை வந்தது. மாற்றாக வந்த எஃகு ரவை, பழைய மெல்லிய குழல்களையும் இறுக்கமான சோக்குகளையும் கெடுத்துவிடும். அன்றோடு கனமான 12 கேஜ் வாத்துத் துப்பாக்கிகள் களத்திலிருந்து அலமாரிக்குப் போயின. பிஸ்மத் போன்ற மென்மையான ரவைகள் உண்டு, விலைதான் கையைக் கடிக்கும். அதேவேளை 20, 28 கேஜ் போன்ற சிறிய துப்பாக்கிகள் காடை, கௌதாரி வகைப் பறவைகளுக்கு ஏற்றவை, தூக்க இலேசு, ஆரம்பத்திலேயே குறைவாகச் செய்யப்பட்டவை. ஒரே வகை, ஒரே நிலைமை என்றாலும் 28 கேஜ் பார்க்கர், 12 கேஜைப் போலப் பல மடங்கு விலை போகும். நான் தொடக்கத்தில் மலிவாகக் கிடைத்த 12 கேஜ்களாக மூன்று நான்கு வாங்கிக் குவித்தேன். அந்தப் பணத்துக்கு நல்ல சிறிய துப்பாக்கி ஒன்றே ஒன்று வாங்கியிருக்கலாம். இந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

விற்பது வாங்குவதைவிடச் சிரமம். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் ஒரு பங்கும் விற்பவரிடம் ஒரு பங்கும் எடுக்கும், இரண்டும் சேர்ந்தால் விலையில் நான்கில் ஒன்றுகூடப் போய்விடலாம். டீலரிடம் கொடுத்தால் அவருக்கும் லாபம் வேண்டும். நேரடியாக விற்கலாம் என்றால் சட்டத்தை மதித்தே ஆக வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு என்றால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் போக வேண்டும். நியூயார்க்கில் 2013-இலிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றாலும் டீலர் கடையில் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். 50 வருடத்துக்கு மேற்பட்டவற்றை வாங்கச் சேகரிப்பாளர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு. 1898 அல்லது அதற்கு முன் செய்தவற்றுக்கு மத்திய சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. இந்த விதிகளைத் தொல்லையாக நான் நினைத்ததே இல்லை. என் கையை விட்டுப் போவது யார் கைக்குப் போகிறது என்று தெரிவது எனக்கும் நிம்மதி.

ஃபுல்டன் பக்கம் ஒரு வயதான அம்மா, இறந்துபோன கணவரின் எல்.சி. ஸ்மித்தை விற்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஒருவர் ஏற்கெனவே வந்து ஒரு தொகை சொல்லியிருந்தார், மிகக் குறைவு. நான் எடுத்துப் பார்த்தேன். இந்த வகையில் பூட்டு எனப்படும் சுடும் பொறியைத் தாங்கும் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் மரம் விரிசல் விடுவது தெரிந்த நோய், இதிலும் நூல் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. மற்றபடி திருகாணிகளை யாரும் தொட்டதில்லை. மரம் உயர்ந்து நின்றது. நிறம் இருக்க வேண்டிய மூலையில் இருந்தது. "இதோடு வந்த ரசீது, அட்டை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். உள்ளே போய்த் தையல் சாமான் வைக்கும் டின் ஒன்றை எடுத்து வந்தார். பொத்தான்களுக்கு அடியில், அவருடைய மாமனார் அதை வாங்கிய கடையின் பில் நான்காக மடித்துக் கிடந்தது. அந்த விரிசலையும் காட்டினேன், பில்லின் மதிப்பையும் சொன்னேன், முதலில் வந்தவர் சொன்னதைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன். அதைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்க முடியும் என்று ஒரு நண்பர் சொன்னார். முடியும். ஆனால் தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கும்போது தராசைப் பிடித்திருப்பது தெரிந்தவர் கைதான். அந்தக் கை நேராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

போன இலையுதிர் காலத்தில், ஃபிலடெல்ஃபியாவில் செய்த என் ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் ஒன்றை விற்பனைக்கு வைத்தேன். அதை நான் எண்ணெய்த் துணியால் துடைத்ததைத் தவிர எதுவும் செய்ததில்லை. பார்க்க வந்தவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். டீலர் கடையில் பச்சைக் கம்பளி விரித்த மேசை மேல் அதை வைத்தோம். அவர் அதைத் தோளுக்கு எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார், துப்பாக்கியைத் திருப்பி வைத்தார், திருகாணித் தலைகளுக்கு நேராகக் குனிந்தார்.